இரண்டு சம்பளம், ஒரு விசா: மியூனிக்கிலிருந்து டல்லாஸ் போய்த் திரும்பிய ஒரு குடும்பம்

இது 2022 இறுதிக்கும் 2025 இறுதிக்கும் இடையில் நடந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றி, தொகைகளை வட்டமாக்கியிருக்கிறேன். அவர்கள் சம்மதித்துத்தான் எழுதுகிறேன்.

நான் மியூனிக்கில் ஓர் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுபவள். அமெரிக்கா போகலாமா என்று அவர்கள் கேட்டபோது எக்செல் தாளைத் திறந்து கணக்குப் போட்டுக் கொடுத்தது நான்தான். அந்தக் கணக்கில் பிழை இருந்தது. கூட்டலில் அல்ல. போட வேண்டிய சில கட்டங்களைப் போடவே இல்லை.

பின்னணி

கணவர் வாகனங்களுக்கான மென்பொருள் எழுதும் பொறியாளர், கோவைக்காரர். 2017இல் படித்த வெளிநாட்டு வேலையாட்களுக்கான ப்ளூ கார்டு அனுமதியில் மியூனிக் வந்தார். 2020இல் நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. மனைவி உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்து, கோவையில் நான்கு ஆண்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். மகள் 2016இல் கோவையில் பிறந்தாள், மகன் 2020இல் மியூனிக்கில்.

2022இல் கணவரின் ஆண்டுச் சம்பளம் 82,000 யூரோ. மனைவிக்குப் பெரிய வருமானம் இல்லாததால், மாதப் பிடித்தம் குறைவான மூன்றாம் வரி வகுப்பு. எல்லாப் பிடித்தமும் போக மாதம் 4,600 யூரோ கைக்கு வந்தது. இரண்டு பிள்ளைகளுக்குமான அரசுத் தொகை 438 யூரோ. மூன்று அறை வீட்டுக்கு வெப்பம், தண்ணீர் எல்லாம் சேர்த்து வாடகை 1,850. மாதக் கடைசியில் 1,100 யூரோ மிஞ்சும். மியூனிக்கில் ஒற்றைச் சம்பளத்தில் இது மோசமில்லை. ஆனால் இந்த ஊரில் வீடு வாங்கும் கனவுக்கு இது காணாது.

சம்பளச் சீட்டில் தெரியாத பக்கமும் இருந்தது. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு (வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டம் சொல்லும் குறைந்த அளவு 20). நோய்வாய்ப்பட்டால் ஆறு வாரம் முழுச் சம்பளம், அதற்கு மேல் மருத்துவக் காப்பீட்டு நிதியிலிருந்து உதவித்தொகை. கணவர் மாதம் கட்டிய 385 யூரோ மருத்துவக் காப்பீட்டில் மனைவியும் பிள்ளைகளும் தனிக் கட்டணம் இல்லாமல் அடங்கினார்கள்.

மனைவியின் கதை வேறு. ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலை வரை தேறினார், 43 இடங்களுக்கு விண்ணப்பம் போட்டார், மூன்று நேர்காணல்களுக்குப் போனார். மூன்றிலும் மொழி போதாது என்ற பதில்தான். கடைசியில் ஒரு ரொட்டிக் கடைக் கவுண்டரில் மாதம் 450 யூரோ வரம்புக்குட்பட்ட சிறுவேலை. 2022 அக்டோபரில் அந்த வரம்பு 520 ஆனது. "முதுகலை படித்ததற்கு பதினெட்டு வகை ரொட்டியின் பெயர் தெரிந்தது, அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பை நான் என் அட்டவணையில் சேர்க்கவில்லை.

வந்த வாய்ப்பு

2022 அக்டோபரில் கணவரின் நிறுவனம் டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகரின் வடக்குப் புறநகரில் இருந்த தன் கிளைக்கு வரச் சொன்னது. விசா எல்1பி, நிறுவனத்துக்குள் இடம் மாறுபவர்களுக்கானது. அதிக அளவு ஐந்து ஆண்டு. இரண்டு வகை ஒப்பந்தம் தருவதாகச் சொன்னார்கள். முதல் வகையில் ஜெர்மன் வேலையை நிறுத்திவைத்து அனுப்புவார்கள்: ஆண்டுக்கு 138,000 டாலர், மூன்று ஆண்டு கழித்து மியூனிக்கில் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுத்தில் உறுதி. இரண்டாம் வகையில் ஜெர்மன் ஒப்பந்தம் முடிந்துபோகும். அமெரிக்க ஒப்பந்தம் மட்டும், 158,000 டாலர்.

அப்போது யூரோவும் டாலரும் ஏறக்குறைய ஒரே மதிப்பில் இருந்ததால் ஒப்பிடுவது எளிதாக இருந்தது. ஆபத்தான எளிமை என்று இப்போது தோன்றுகிறது.

கணக்குப் போட்டது

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. 158,000இல் கூட்டாட்சி வரி, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம், மாதம் 500 டாலர் மருத்துவக் காப்பீடு, 401(கே) ஓய்வூதியச் சேமிப்புக்கு 6 சதவீதம், எல்லாம் போக மாதம் 9,700 டாலர் கைக்கு வரும் என்று கண்டேன். மியூனிக்கில் வந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

செலவுப் பக்கம் இப்படி இருந்தது: வாடகை 2,700. இரண்டு காருக்குக் கடன் தவணை, காப்பீடு, பெட்ரோல் சேர்த்து 1,400. மகனுக்குக் குழந்தைகள் காப்பகம் 1,500, மகளுக்குப் பள்ளி விட்டபின் பார்த்துக்கொள்ள 450. மின்சாரம், இணையம், கைபேசி 450. சாப்பாடும் மற்றதும் 1,300. மொத்தம் 7,800. மீதி 1,900 டாலர். வருமானம் இரட்டிப்பானாலும் மிச்சம் இரட்டிப்பாகவில்லை என்பதை அன்றே பார்த்தோம். மனைவி வேலைக்குப் போனால்தான் கணக்கு மாறும்.

அதற்கு வழி இருந்தது. எல்1 விசாக்காரரின் துணைவர் 2021 நவம்பர் முதல் தனி அனுமதி அட்டைக்குக் காத்திருக்காமல் வேலைக்குச் சேரலாம். படித்த வெளிநாட்டவரை அமெரிக்க நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கும் எச்1பி விசாவில் போனால் துணைவருக்கு இந்தச் சலுகை இல்லை. நிரந்தர வசிப்புரிமைக்கான பச்சை அட்டை வழியில் ஒரு கட்டம் தாண்டினால்தான் அனுமதி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, போவது. வெளியே சொன்ன காரணம் பணம். உண்மையான காரணம் மனைவியின் வேலை. ஐந்து ஆண்டு படிப்புக்கேற்ற வேலை இல்லாமல் இருந்தவர், ஆங்கிலம் போதுமான ஊரில் ஒரு முறை முயன்று பார்க்க விரும்பினார். கணவர் மியூனிக்கிலேயே இருந்தாலும் திருப்திதான் என்றார்.

இரண்டாம் முடிவு, 158,000 டாலர் ஒப்பந்தம். இதில் என் கை இருக்கிறது. இரண்டு ஒப்பந்தத்தையும் பக்கம் பக்கமாகப் போட்டு, மூன்று ஆண்டில் 60,000 டாலர் வித்தியாசம் என்று சிவப்பு எழுத்தில் காட்டியவள் நான். திரும்பிவரும் உறுதிக்கு அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை. அதாவது நான் அதற்குப் போட்ட விலை பூஜ்யம். நல்ல பொறியாளருக்கு மியூனிக்கில் எப்போதும் வேலை கிடைக்கும் என்பது 2022இல் எங்கள் எல்லாருடைய எண்ணமும்.

மூன்றாவது, வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம். ஜெர்மனியின் நிரந்தர வசிப்புரிமை, பொது விதிப்படி, ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் காலாவதியாகிவிடும். தற்காலிகமாகப் போகிறவர் கிளம்பும் முன்பே விண்ணப்பித்து நீண்ட கெடு வாங்கிக்கொள்ளலாம். கணவருக்கு இது வீண் வேலையாகப் பட்டது. நான் விடவில்லை. 2025 டிசம்பருக்குள் திரும்பலாம் என்று கணவன் மனைவி இருவருக்கும் எழுத்தில் வந்தது. பிள்ளைகளுடைய அனுமதி வேறு வகை; அந்தக் கடிதம் அவர்களைக் காக்கவில்லை.

முதல் ஆண்டு: 2023

ஜனவரியில் போய்ச் சேர்ந்தார்கள். அமெரிக்காவில் கடன் வரலாறு இல்லாதவருக்கு வங்கி எந்த வட்டி சொல்கிறதோ அதுதான் வட்டி. முதல் காருக்கு 11 சதவீதம். மகள் மியூனிக்கில் தோழியோடு நடந்தே பள்ளிக்குப் போனவள். இங்கே பள்ளி ஒன்றரை மைல்தான் என்றாலும் நடுவில் ஆறு தடச் சாலை, நடைபாதை பாதியில் நின்றுபோகும். தினமும் காரில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது.

மனைவி மார்ச்சில் ஓட்டுநர் உரிமம் வாங்கினார். ஜூனில் ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தில் தர ஆவணப் பிரிவில் சேர்ந்தார்: ஆண்டுக்கு 74,000 டாலர். விண்ணப்பித்தது ஒன்பது இடம். வீட்டுக்கு மாதம் 4,000 டாலருக்கு மேல் கூடுதலாக வந்தது. அந்த ஆண்டு நான் தொலைபேசியில் பேசிய பெண்ணின் குரலே வேறு.

அவருடைய அம்மா சுற்றுலா விசாவில் வந்து ஆறு மாதம் தங்கினார். ஜெர்மனிக்கு வந்தால் 90 நாளில் கிளம்பியாக வேண்டும். பாட்டி இருந்த ஆறு மாதமும் பேரனுக்குக் காப்பகச் செலவு இல்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் மகள் எழுதப் படிக்கக் கற்றாள். ஐரோப்பாவில் வாழ்க்கை, அமெரிக்காவில் பணம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கணவரின் பக்கத்தில் விடுப்பு 15 நாளாகச் சுருங்கியது. காய்ச்சலுக்கு எடுப்பதும் அதற்குள்ளேயே. அதனால் காய்ச்சலோடு வேலை பார்த்தார். மியூனிக்கில் ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் தொடங்க 11 மணி நேர இடைவெளி சட்டப்படி கட்டாயம். இங்கே இரவு 9 மணிக்கு இந்தியக் குழுவோடும் காலை 7 மணிக்கு ஜெர்மன் குழுவோடும் கூட்டம். வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஈசிடியின் புள்ளிவிவரப்படி ஜெர்மனியில் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 1,340 மணி நேரமும் அமெரிக்காவில் சுமார் 1,800 மணி நேரமும் உழைக்கிறார். ஜெர்மன் எண்ணைப் பகுதிநேர வேலைக்காரர்கள் கீழே இழுக்கிறார்கள். முழுநேரக்காரர்களிடையே இடைவெளி அவ்வளவு பெரிதல்ல. இருந்தாலும் இவர் வீட்டில் அது தெரிந்தது.

என் முதல் பிழை 2024 தொடக்கத்தில் வரித் தாக்கலின்போது வெளிவந்தது. பிள்ளை ஒன்றுக்கு 2,000 டாலர் வரிச்சலுகை என்று எழுதியிருந்தேன். வேலை செய்யத் தகுதியுள்ள சமூகப் பாதுகாப்பு எண் பிள்ளைக்கு இருந்தால்தான் அது. சார்பு விசாவில் வந்த இந்தக் குழந்தைகளுக்கு அந்த எண் கிடைக்காது. தலைக்கு 500 டாலர்தான் கிடைத்தது. 3,000 டாலர் துண்டு. பெரிய தொகை அல்ல. ஆனால் விசா என்பது வேலைக்கு மட்டும்தான், வரிக்கும் பள்ளிக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்து நான் அட்டவணை போட்டிருந்தது அப்போது உறைக்கவில்லை.

யாரும் கவனிக்காத மார்ச்: 2024

அந்த மார்ச்சில் மனைவியின் நிறுவனத்து மனிதவளத் துறை ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. எச்1பி குலுக்கலுக்கு உங்கள் பெயரைப் பதியட்டுமா என்று கேட்டிருந்தார்கள். ஆண்டுக்கு 85,000 இடம்; அதில் 20,000 அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு. பதிவுக் கட்டணம் அந்த ஆண்டு 10 டாலர், அதையும் நிறுவனமே கட்டும். விழுந்தால் அக்டோபர் முதல் சொந்த விசா.

இப்போதைக்குத் தேவையில்லை என்று அவர் பதில் எழுதினார். கணவரின் விசாவில் வேலை செய்ய உரிமை இருக்கிறதே, எதற்கு வக்கீல், தாள் வேலை. என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

குடல்வால்: 2024 மே

மகளுக்கு நள்ளிரவில் வயிற்றுவலி. அவசரப் பிரிவு, குடல்வால் அறுவை, இரண்டு இரவு. மருத்துவம் பற்றி ஒரு குறையும் இல்லை. விடியும் முன் அறுவை முடிந்திருந்தது, அறை விசாலமாக இருந்தது, தாதியர் அன்பாக இருந்தார்கள்.

அடுத்து வந்தது தபால். முதல் உறையில் "இது பில் அல்ல" என்று தலைப்பிட்ட தாள்: மருத்துவமனை கேட்டது 41,300 டாலர், காப்பீட்டு நிறுவனம் ஒத்துக்கொண்ட விலை 19,400, நீங்கள் தர வேண்டியது 6,280. அந்தக் கடைசி எண் வந்த வழி இது: முதல் 3,000 முழுக்கக் கைப்பணம், அதற்கு மேல் 20 சதவீதம். பிறகு மயக்க மருந்து கொடுத்த மருத்துவரிடமிருந்து தனியாக 1,900 டாலருக்கு ஒரு பில், அவர் காப்பீட்டு வலையமைப்பில் இல்லை என்று. இப்படி எதிர்பாராத பில் அனுப்பக் கூடாது என்று 2022 முதல் சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லி ரத்து செய்ய மூன்று முறை தொலைபேசினார்கள். மனைவி மதிய உணவு இடைவேளையில் காரில் உட்கார்ந்து, காத்திருப்பு இசையை ஒலிபெருக்கியில் வைத்துவிட்டுச் சாப்பிடுவார். மூன்றாம் அழைப்பில் 50 நிமிடம். ரத்தானது.

மியூனிக்கில் இதே அறுவைக்கு ஒன்றும் கட்டியிருக்க மாட்டார்கள். பெரியவர்களுக்கு நாளுக்கு 10 யூரோ உண்டு, குழந்தைகளுக்கு அதுவும் இல்லை. இருந்தாலும் அவர்களிடம் பணம் இருந்தது, கட்டினார்கள், மூன்று மாதத்தில் ஈடு செய்தார்கள். இந்தக் கதையைக் கேட்பவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் தலையில் கைவைக்கிறார்கள். குடும்பத்தைச் சாய்த்தது இதுவல்ல.

நவம்பர் 2024

செவ்வாய்க்கிழமை காலை, 15 நிமிடக் கூட்டம். கணவர் இருந்த பிரிவில் 23 பேரும் வெளியே. பெரிய ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்பு தரச் சொல்லும் சட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. 23 பேர் அதன் வரம்புக்குள் வரவில்லை. ஆறு வாரச் சம்பளம் ஈடாகக் கொடுத்தார்கள். மடிக்கணினி மதியமே முடங்கியது.

எல்1 விசா ஒரே நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேறு நிறுவனம் அதே விசாவில் எடுக்க முடியாது. வேறு வழி பார்க்கவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ 60 நாள் அவகாசம். மனைவியின் வேலைக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த மாதம்தான் அவருக்குச் சம்பள உயர்வுக் கடிதம் வந்திருந்தது. ஆனால் அவருடைய வேலை உரிமை கணவரின் விசாவில் தொங்கியது. 2,000 பேர் வேலை செய்யும் நிறுவனம் ஒருவரை வைத்துக்கொள்ள விரும்பியும் வழியில்லை. அடுத்த குலுக்கல் மார்ச்சில், வேலை தொடங்குவது அக்டோபரில்.

என் அட்டவணையில் இரண்டு சம்பளத்தையும் இரண்டு வரிசையில் போட்டுக் கூட்டியிருந்தேன். இரண்டும் ஒரே ஆணியில் மாட்டியவை என்று எழுதவில்லை. மியூனிக்கில் அவருடைய 520 யூரோவுக்கு இருந்த உறுதி, டல்லாஸில் அவருடைய 74,000 டாலருக்கு இல்லை: வசிப்புரிமை அங்கே அவர் பெயரில் இருந்தது.

திரும்பிய பின்

கார்களை நஷ்டத்துக்கு விற்று ஜனவரி 2025இல் கிளம்பினார்கள். கெடு கடிதம் இருந்ததால் கணவர் நேராக மியூனிக் வந்தார். பிள்ளைகளுக்குப் புதிதாகக் குடும்ப விசா வாங்க வேண்டியிருந்ததால் தாயும் பிள்ளைகளும் கோவையில் ஏழு வாரம் தங்கி, சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத்தூதரகத்தில் விண்ணப்பித்தார்கள்.

மியூனிக்கில் அடுத்த அடி. வேலையிழந்தோர் உதவித்தொகை இருக்கிறதே, பிள்ளைகள் உள்ளவருக்கு நிகரச் சம்பளத்தில் 67 சதவீதம் வருமே என்று நம்பியிருந்தார்கள். கடந்த 30 மாதத்தில் 12 மாதம் அதற்கான சந்தா கட்டியிருந்தால்தான் அது. இவர் வெளியே இருந்தது 24 மாதம். ஆறு மாதம்தான் தேறியது. ஒரு யூரோகூட இல்லை. ஜெர்மன் கார்த் துறையிலும் ஆள் எடுப்பது வற்றியிருந்தது. நான்கு மாதம் தேடி, மே மாதம் 86,000 யூரோவுக்குச் சேர்ந்தார். பழைய வீடு போய்விட்டது. அதே அளவு வீட்டுக்கு இப்போது 2,350.

டல்லாஸிலிருந்து கொண்டுவந்தது வங்கியில் 58,000 டாலர், ஓய்வூதியக் கணக்குகளில் 36,000. திரும்பிய செலவும் வேலையில்லாத மாதங்களும் வீட்டு முன்பணமும் 27,000ஐத் தின்றன. மிஞ்சியது 31,000. மியூனிக்கிலேயே இருந்திருந்தால் பழைய வேகத்தில் 26,000 யூரோ சேர்ந்திருக்கும், இரண்டு ஆண்டு ஜெர்மன் ஓய்வூதியப் புள்ளிகளும். ஓய்வூதியக் கணக்கைத் தொடவில்லை; முன்கூட்டி எடுத்தால் வரியோடு 10 சதவீத அபராதம். இரு நாட்டுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருப்பதால் அமெரிக்காவில் கட்டிய காலம் வீணாகாது.

மகளுக்கு ஜெர்மன் தளர்ந்துவிட்டது. வயதுக்கு மூன்றாம் வகுப்பு, இரண்டில் சேர்த்தார்கள். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் நான்காம் வகுப்பு மதிப்பெண்தான் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ஜிம்னாசியம் என்ற பள்ளிக்கு மூன்று பாடச் சராசரி 2.33 அல்லது அதற்குக் கீழே வேண்டும் (அங்கே 1தான் மிகச் சிறந்த மதிப்பெண்). ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது நல்லதே என்று ஆசிரியை சொன்னார். மகள் அப்படி நினைக்கவில்லை.

மனைவியின் பெயரை டல்லாஸ் நிறுவனம் 2025 மார்ச்சில் குலுக்கலில் பதிந்தது; விழவில்லை. செப்டம்பரில் புதிய எச்1பி விண்ணப்பங்களுக்கு 100,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டபின் அவர்கள் பேச்சை எடுக்கவில்லை. அதே மாதம் அவருக்கு மியூனிக் அருகே மார்ட்டின்ஸ்ரீட்டில் வேலை கிடைத்தது: வாரம் 32 மணி நேரம், 47,000 யூரோ, அலுவலக மொழி ஆங்கிலம். நேர்காணலில் கேட்டது முழுக்க டல்லாஸில் பார்த்த வேலையைப் பற்றி. பி1 சான்றிதழைத் திறந்தே பார்க்கவில்லை.

மாற்றிச் செய்வதானால்

138,000 டாலர் ஒப்பந்தத்தை எடுக்கச் சொல்வேன். ஆண்டுக்கு 20,000 டாலர் என்பது வேலைக்கான காப்பீட்டுச் சந்தா. அவர்கள் குடும்பத்துக்கு அது அதிக விலை அல்ல.

பிள்ளைகளின் அனுமதியையும் உதவித்தொகைக்கான 30 மாதக் கெடுவையும் கிளம்பும் முன்பே நாள்காட்டியில் குறித்திருப்பேன். 18ஆம் மாதத்துக்குள் திரும்பியிருந்தால் உதவித்தொகை கிடைத்திருக்கும்.

மார்ச் 2024 மின்னஞ்சலுக்குச் சரி என்று பதில் எழுதச் சொல்வேன். குலுக்கலில் விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. விழுந்திருந்தாலும் கணவர் வேலை உரிமை இல்லாத சார்பு விசாவில் வீட்டில் இருந்திருப்பார், மியூனிக்கில் மனைவி இருந்ததைப் போல. அப்படி இருக்கத் தயாரா என்று கணவரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துத்தான் தலையாட்டினார்.

என்னிடம் இப்போது யாராவது இதே கணக்கைக் கேட்டால், முதல் தாளில் சம்பளம் போடுவதில்லை. வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி, இவர் இந்த நாட்டில் யாருடைய உரிமையில் இருக்கிறார், அந்த உரிமை எந்த நாளில் எதனால் அறும் என்று பக்கத்தில் எழுதுகிறேன். டாலரும் யூரோவும் இரண்டாம் தாளில்.

எழுதி முடித்து இருவருக்கும் அனுப்பினேன். கணவர் வாடகைத் தொகை ஒன்றைத் திருத்தினார். மனைவி தலைப்பின் கீழ் நான் முதலில் போட்டிருந்த "நஷ்டக் கணக்கு" என்ற சொல்லை எடுக்கச் சொன்னார். மியூனிக்கில் ரொட்டிக் கடையில் போன ஐந்து ஆண்டை எந்தக் கட்டத்தில் போட்டீர்கள் அக்கா என்று கேட்டார். எடுத்துவிட்டேன்.